கேட்ச் எ ஃபயர்: ரீமாஸ்டர் பதிப்புகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் 1973 ஏப்ரலில் வெளியிட்ட, பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவின் 'கேட்ச் எ ஃபயர்' ரெகே ஆல்பம் இன்று எல்.பி., சி.டி., ஸ்ட்ரீமிங் எனப் பல வடிவில் கிடைக்கிறது. எந்தப் பதிப்பு நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். அந்தச் சண்டையில் பாதி மாஸ்டரிங் (முடிந்த மிக்ஸின் மேல் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) பற்றியதே அல்ல. மிக்ஸ் என்றால் குரல், கருவி எனத் தனித்தனிப் பதிவுகளைக் கலந்த வடிவம், இந்த ஆல்பத்துக்கு அது இரண்டு உண்டு. ஒருவர் லண்டன் மிக்ஸைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார், மற்றவர் ஜமைக்கா மிக்ஸைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார். மீதிப் பாதியில், ஒரு பதிப்பு இன்னொன்றைவிட இரண்டு டெசிபல் சத்தமாக ஓடுகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதே ரீமாஸ்டர் வித்தியாசம். ரெகேயைப் பொறுத்தவரை அது முதலில் பாஸில் தெரியும்.

தேவைப்படுபவை அதிகமில்லை. குறைந்தது இரண்டு பதிப்புகள், சி.டி. டிரைவ் உள்ள கணினி, ஒலியை வெட்டி அளக்க ஆடாசிட்டி, ஒப்பிட்டுக் கேட்க ஃபூபார்2000, 40 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஒரு ஹெட்ஃபோன். இரண்டு மென்பொருளும் இலவசம். எல்.பி.யும் ஒப்பீட்டில் உண்டு என்றால் டர்ன்டேபிள், ஃபோனோ பிரீஆம்ப், கணினிக்கான ஆடியோ இன்டர்ஃபேஸ்.

1. மிக்ஸ் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பாடல்கள் 1972-இல் கிங்ஸ்டனில் டைனமிக், ஹாரி ஜே, ராண்டிஸ் ஸ்டுடியோக்களில் பதிவாயின. ஐலண்ட் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல் 4,000 பவுண்டு முன்பணம் கொடுத்திருந்தார். பாப் மார்லி டேப்புகளை லண்டனுக்குக் கொண்டுவந்ததும், பேஸிங் ஸ்ட்ரீட்டில் இருந்த ஐலண்ட் ஸ்டுடியோவில் அவற்றின் மேல் புதிய பதிவுகள் ஏறின. ராக் ரசிகர்களைப் பிடிப்பதுதான் நோக்கம். அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஸ்டுடியோக்களில் வாசித்துவந்த வெய்ன் பெர்கின்ஸ் லீட் கிட்டார் வாசித்தார். ஜான் 'ராபிட்' பண்ட்ரிக் கீபோர்டு சேர்த்தார். பிளாக்வெல்லுடன் எஞ்சினியர் டோனி பிளாட் மிக்ஸில் உட்கார்ந்தார். 'ஹை டைட் ஆர் லோ டைட்', 'ஆல் டே ஆல் நைட்' என்ற இரண்டு பாடல்கள் வெளியே போயின. மிஞ்சிய ஒன்பதுதான் கடைக்கு வந்தது.

ஆக, ஒரே ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸ். வெளிவந்தது லண்டன் மிக்ஸ். கிங்ஸ்டன் வடிவம் 2001 டீலக்ஸ் பதிப்பில்தான் முழுதாக வெளியே வந்தது. மாஸ்டரிங் என்பது முடிந்துபோன ஸ்டீரியோ மிக்ஸின் மேல் செய்யும் வேலை: டோன், லெவல், லிமிட்டிங் (ஒலியின் உச்சிகளை ஓர் எல்லைக்குள் அமுக்குவது), டேப் சரிசெய்தல். ஒரு கிட்டாரை நீக்கவோ, பின்னணிக் குரலை மட்டும் முன்னே கொண்டுவரவோ அதனால் ஆகாது. "இந்த ரீமாஸ்டரில் கிட்டாரே இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் கேட்டது வேறு மிக்ஸ்.

கண்டுபிடிக்க எளிய வழி: 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டின் நடுப்பகுதிக்குப் போங்கள். லீட் கிட்டார் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து ஃபீட்பேக்கில் தொங்கவிட்டால் அது லண்டன் மிக்ஸ். அந்த சோலோ இல்லையென்றால் ஜமைக்கா. 'ஸ்டிர் இட் அப்' பாட்டில் நேரத்தைப் பார்த்தாலே போதும், லண்டன் வடிவம் ஐந்தரை நிமிடம் ஓடும், ஜமைக்கா வடிவம் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் குறைவு.

இனி வரும் படிகள் அனைத்தும் லண்டன் மிக்ஸோடு லண்டன் மிக்ஸ், அல்லது ஜமைக்காவோடு ஜமைக்கா. குறுக்கே ஒப்பிட்டால் ரசனையைப் பேசலாம், மாஸ்டரிங்கைப் பேச முடியாது.

2. கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

1973 இங்கிலாந்து எல்.பி.யின் எண் ஐ.எல்.பி.எஸ். 9241. லேபிளின் ஓரத்தில் பிங்க் வளையம், நடுவில் பனைமரம். முதல் 20,000 பிரதிகள் ஸிப்போ லைட்டர் வடிவ அட்டையில் வந்தன, மேல்பாதி லைட்டர் மூடிபோலத் திறக்கும். பெயர் 'தி வெய்லர்ஸ்' என்று மட்டும் இருக்கும். பின்னால் வந்த அட்டையில்தான் எஸ்தர் ஆண்டர்சன் எடுத்த, மார்லி புகைக்கும் படமும் 'பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸ்' என்ற பெயரும். ஆனால் அட்டையை நம்பித் தட்டை முடிவு செய்யக் கூடாது. அட்டை இடம் மாறும். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான் தட்டின் அடையாளம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, இரு பக்கமும் எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சி.டி.யில் முக்கியமானவை மூன்று. 1990 டஃப் காங் சி.டி., ஒன்பது பாடல்கள். 2001 ரீமாஸ்டர் ஒற்றை சி.டி., ஒன்பதோடு விடுபட்ட இரண்டும் சேர்ந்து பதினொன்று. அதே 2001-இன் டீலக்ஸ், இரண்டு சி.டி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டீலக்ஸின் முதல் சி.டி.யான ஜமைக்கா வடிவத்திலும் பதினொரு பாடல்கள்தான். பாட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும். வரிசையைப் பாருங்கள்: இரண்டாவது பாட்டு 'ஸ்லேவ் டிரைவர்' என்றால் வெளியான ஆல்பம், 'ஸ்டிர் இட் அப்' என்றால் ஜமைக்கா. ஃபைலாக வாங்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

அதன்பின் 2020-இல் அபி ரோடு ஸ்டுடியோவில் அரை வேகத்தில் வெட்டப்பட்ட எல்.பி. வந்தது. 2023-இல் 50-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது: மூல ஆல்பம், லண்டன் பாரிஸ் தியேட்டரில் 1973-இல் நடந்த நேரடி நிகழ்ச்சி, மாற்று வடிவங்கள் என்று மூன்று தட்டு, கூடவே ஒரு 12 அங்குலத் தட்டு.

அரை வேக வெட்டு பற்றி ஒரு வார்த்தை. மூல ஒலியையும் வெட்டும் இயந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டுவார்கள். 14,000 ஹெர்ட்ஸ் ஒலி வெட்டும் ஊசிக்கு 7,000 ஆகிவிடுவதால் ஹை-ஹாட் போன்ற மேல்பகுதி சிரமமின்றிப் பதியும். பாஸுக்கு இது தலைகீழ். 40 ஹெர்ட்ஸ் 20 ஆக இறங்கும், இயந்திரம் அங்கேயும் சீராக நடந்துகொள்ள வேண்டும். ஆகவே 'அரை வேகம்' என்ற பட்டி ரெகேக்குத் தானாகவே சிறப்புச் சான்றிதழ் ஆகாது. நேரடியாக அனலாக் டேப்பிலிருந்து வெட்டியது என்றும் அதற்குப் பொருளில்லை.

3. ஒலியைக் கணினிக்குள் கொண்டுவருதல்

சி.டி.யை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில், பாதுகாப்பான வாசிப்பு முறையில், ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வடிவம்) ஆக எடுங்கள். எம்.பி.3 வேண்டாம். லிமிட்டரில் நசுக்கப்பட்ட உச்சியையும் எம்.பி.3 தின்ற உச்சியையும் பிறகு பிரித்தறிவது கடினம். 1980களின் சில சி.டி.களில் பிரீ-எம்ஃபசிஸ் இருக்கும். மேல் அதிர்வெண்களைக் கிட்டத்தட்ட 10 டெசிபல் வரை தூக்கிப் பதித்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கும் ஏற்பாடு அது. சி.டி. பிளேயர் தானாகச் செய்துவிடும், ரிப் செய்த ஃபைல் செய்யாது. பழைய சி.டி. ஒன்று கணினியில் மட்டும் காதைக் கிழித்தால் மென்பொருளின் அறிக்கையில் பிரீ-எம்ஃபசிஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்.பி.யை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். தட்டைக் கழுவிய பிறகு பதியுங்கள். ஊசியின் எடை, கோணம் எல்லாம் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்னபடி. நாய்ஸ் ரிடக்ஷன் கூடவே கூடாது. இந்த ஆல்பத்தின் டேப் இரைச்சலும் ஹை-ஹாட்டின் வால்பகுதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒன்றை அழித்தால் மற்றதும் போகும். எல்.பி.யின் ஒவ்வொரு பக்கக் கடைசிப் பாட்டும் உள்வளையத்தில் வருவதால் 'ச' ஓசை கரகரக்கும். முதல் பக்கத்தில் அது 'பேபி வீவ் காட் எ டேட்', இரண்டாம் பக்கத்தில் 'மிட்நைட் ரேவர்ஸ்'. இந்த இரண்டையும் வைத்து ஒரு எல்.பி. பதிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பையும் டால்பி அட்மாஸையும் (சுற்றொலி வடிவம்) அணைத்துவிடுங்கள். அட்மாஸ் என்பது புது மிக்ஸ், ரீமாஸ்டர் கணக்கில் வராது.

4. ஒலி அளவைச் சமப்படுத்துதல்

வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஒரு டெசிபல் அதிகமாக ஓடும் பதிப்பு காதுக்குச் சத்தமாகத் தெரியாது, "தெளிவாக" இருப்பதாகத் தெரியும். சத்தம் கூடும்போது காது பாஸையும் கூடுதலாகப் பிடிக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். 2001 ரீமாஸ்டர் 1990 சி.டி.யைவிட உரத்தது. சமப்படுத்தாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் 2001-க்கே ஓட்டு விழும்.

முதல் சுற்று: ஒரே பாட்டில், ஒரே 40 வினாடிப் பகுதியை இரண்டு பதிப்பிலிருந்தும் வெட்டுங்கள். ஃபூபாரில் ரீப்ளே கெயின் (உரப்பை அளந்து, எவ்வளவு கூட்ட அல்லது குறைக்க வேண்டும் என்று சொல்லும் வசதி) ஸ்கேன் ஓட்டுங்கள். அதன் அடிப்படை மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு). ஆகவே மைனஸ் 6 என்று காட்டினால் அந்தப் பகுதியின் உரப்பு மைனஸ் 12. உரத்ததைத்தான் இறக்க வேண்டும். மெதுவானதை ஏற்றினால் உச்சி முட்டி உடையும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 0.2 டெசிபலுக்குள் வரட்டும்.

பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கே நிறுத்திவிடும். ரெகேக்கு இது போதாது. எல்.யு.எஃப்.எஸ். கணக்கு ஆழமான பாஸுக்குக் குறைந்த எடைதான் கொடுக்கும், மேல் அதிர்வெண்களைச் சற்றுத் தூக்கிப் பார்க்கும். மேல்பகுதி பளிச்சென்று ஏற்றப்பட்ட ஒரு மாஸ்டர் அதிக எண்ணைக் காட்டும். அதைச் சமப்படுத்த இறக்கும்போது அதன் குரலும் பாஸும் சேர்ந்து இறங்கி, "இதில் பாஸே இல்லை" என்ற பொய்யான தீர்ப்பு வரும்.

எனவே இரண்டாவது சுற்று. வெட்டிய பகுதிகளின் நகலில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2,000-க்கு மேலேயும் ஃபில்டரால் நீக்குங்கள். மிஞ்சும் நடுப்பகுதியின் சராசரி லெவலை இரண்டிலும் அளந்து, அந்த வித்தியாசத்தை ஃபில்டர் போடாத மூலப் பகுதியில் சரிசெய்யுங்கள். இப்போது இரண்டிலும் மார்லியின் குரல் ஒரே தூரத்தில் நிற்கும். பாஸ் கூடுதலா, ஹை-ஹாட் கூர்மையா என்பது குரலை நிலையாக வைத்துப் பார்க்கும்போது தானே வெளிப்படும்.

5. அளந்து பார்த்தல்

ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் அளவு எண் சிறியதாக இருந்தால் பாஸ் பகுதி ஒரே மேடாகத்தான் தெரியும். 2048-இல் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 21 ஹெர்ட்ஸ் இடைவெளி. பாஸ் கிட்டாரின் அடிச் சுரங்கள் முழுவதும் இரண்டு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிடும். 65536-க்கு மாற்றுங்கள், இடைவெளி 0.7 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும். அதிர்வெண் அச்சை லாக் முறையில் வையுங்கள்.

'ஸ்டிர் இட் அப்' ஏ மேஜரில் அமைந்த பாட்டு. 41, 55, 73 ஹெர்ட்ஸ் அருகே ஈ, ஏ, டி சுரங்களின் கூம்புகளைத் தேடுங்கள். இரண்டு பதிப்பையும் வரைந்து, எண்களை ஏற்றுமதி செய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். அந்தக் கழித்தல் கோடுதான் இரு மாஸ்டர்களுக்கும் இடையே உள்ள டோன் வித்தியாசம். 30-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை கோடு சீராக உயர்ந்திருந்தால் எஞ்சினியர் அடிப்பகுதியை ஏற்றியிருக்கிறார். 80-இலிருந்து 150 வரை மட்டும் மேடு என்றால் சின்ன ஸ்பீக்கரில் கனமாகக் கேட்கும், நல்ல ஹெட்ஃபோனில் ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி 'பூம்' என்று ஒலிக்கும். 10,000-க்கு மேல் கோடு சரிந்துபோனால் டேப் பழசாகியிருக்கலாம், பல கை மாறிய நகலாக இருக்கலாம், அல்லது டேப் தலையின் சாய்வு பிசகியிருக்கலாம். சாய்வுப் பிசகைக் கண்டுபிடிக்க இரு சேனலையும் கூட்டி மோனோவாக்குங்கள். ஸ்டீரியோவில் இருந்த ஹை-ஹாட் மோனோவில் மங்கினால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது உச்சிகள். கிளிப்பிங் காட்டும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். லிமிட்டர் போட்ட மாஸ்டர் உச்சியை மைனஸ் 0.3-இல் நிறுத்தியிருந்தால் சிவப்புக் கோடு எதுவும் வராது. ஒரு டிரம் அடியைச் சாம்பிள் அளவுக்குப் பெரிதாக்குங்கள். கூம்பாக இருந்தால் நலம், கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் அங்கே லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது. வெய்லர்ஸ் டிரம்மர் கார்ல்டன் பாரெட்டின் ஒன் டிராப் தாளத்தில் கிக்கும் ஸ்நேரும் மூன்றாம் அடியில் சேர்ந்து விழும். பாட்டின் பெரிய உச்சிகள் அங்கேதான், லிமிட்டரும் அங்கேதான் கடிக்கும். கடித்தால் அந்த அடி முன்னே பாயாமல் பாஸுக்குள் புதைந்துவிடும்.

டி.ஆர். மீட்டர் (உச்சிக்கும் சராசரி உரப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கருவி) காட்டும் எண்ணைச் சி.டி.க்கும் சி.டி.க்கும் இடையே மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டிய எல்.பி.கூட இரண்டு மூன்று எண் கூடுதலாகக் காட்டும். வெட்டும்போதும் வாசிக்கும்போதும் அலைவடிவம் உருமாறி உச்சிகள் நீள்வதால் வரும் வீக்கம் அது.

வேகத்தையும் பாருங்கள். பாட்டின் முதல் ஸ்நேர் அடியிலிருந்து கடைசித் தெளிவான அடி வரை இரண்டு பதிப்பிலும் அளந்து வகுங்கள். ஒன்றில் 240.00 வினாடி, மற்றதில் 240.48 என்றால் வித்தியாசம் 0.2 சதவீதம், சுருதியில் சுமார் 3.5 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சுருதியில் இது தெரியாது, ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் கடைசியில் அரை வினாடி விலகும். ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டி வித்தியாசம் மட்டும் கேட்கும் சோதனை இதனால்தான் அனலாக் டேப்பிலிருந்து தனித்தனியாக எடுத்த பதிப்புகளில் பலிப்பதில்லை. அந்தச் சோதனை ஒரு வேலைக்கு உதவும்: இரண்டு டிஜிட்டல் பதிப்புகள் உண்மையில் ஒரே மாஸ்டரா என்று பார்க்க. லெவலைச் சரிசெய்து, சாம்பிள் கணக்கில் நேர்ப்படுத்திக் கூட்டும்போது முழு அமைதி வந்தால் "புதிய ரீமாஸ்டர்" என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்ததுதான் மிச்சம்.

6. எந்தப் பாட்டில் எதைக் கேட்பது

ஒன்பதையும் கேட்க வேண்டியதில்லை. நான்கு பாட்டு போதும்.

'கான்கிரீட் ஜங்கிள்': தாளம் நிலைகொள்ளும் முன் வரும் முன்னிசையில் டேப் இரைச்சலைக் கேளுங்கள். இரைச்சல் சுத்தமாக இல்லையென்றால் மகிழ வேண்டாம், கூடவே கருவிகளின் காற்றும் போயிருக்கும். இந்தப் பாட்டில் மட்டும் பாஸ் ராபி ஷேக்ஸ்பியர், மற்றவற்றில் ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட். விரல் வேறு, டோன் வேறு. இந்தப் பாட்டின் பாஸை வைத்து ஆல்பம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

'ஸ்லேவ் டிரைவர்': வெய்லர்ஸ் குழுவின் பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் இருவரின் பின்னணிக் குரல். நல்ல மாஸ்டரில் இரண்டு ஆள் தெரியும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிவிட்ட மாஸ்டரில் இருவரும் ஒரே கூச்சலாக ஒட்டிக்கொள்வார்கள்.

'ஸ்டிர் இட் அப்': பாஸ் நடை, வா-வா கிட்டார், சின்தசைசர் மூன்றும் தனித்தனி அடுக்கில் இருக்க வேண்டும். பாஸ் சுரம் ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். ஃபேமிலி மேனின் வாசிப்பில் சுரங்களுக்கு இடையே விடும் மௌனத்துக்கும் கணக்கு உண்டு. அடிப்பகுதியை அளவுக்கு மீறி ஏற்றி லிமிட்டரில் தள்ளினால் அந்த இடைவெளி நிரம்பிப்போகும்.

'400 இயர்ஸ்': டாஷ் முன்னணியில் பாடுவது. ஆஃப்-பீட்டில் வெட்டும் ரிதம் கிட்டார் சுருக்கென்று தொடங்கிச் சுருக்கென்று நிற்க வேண்டும்.

பாஸை ஸ்பீக்கரில் எடைபோடுவது ஆபத்து. 4 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை சுமார் 43 ஹெர்ட்ஸ், பாஸ் கிட்டாரின் அடி ஈ சுரமோ 41. நாற்காலி அறையின் நடுவில் இருந்தால் அந்தச் சுரம் காணாமல் போகும், சுவரை ஒட்டியிருந்தால் வீங்கும். பதிப்பை விட நாற்காலிதான் அதிகம் பேசும். ஹெட்ஃபோனில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஸ்பீக்கரில் சரிபாருங்கள்.

7. கண்ணைக் கட்டிக் கேட்டல்

ஃபூபாரின் ஏ.பி.எக்ஸ். ஒப்பீட்டுக் கருவியில் சமப்படுத்திய இரண்டு பகுதிகளையும் ஏற்றுங்கள். பெயர் மறைத்து ஒலிக்கும் எக்ஸ், ஏ-யா பி-யா என்று நீங்கள் சொல்ல வேண்டும். எல்.பி. பதிவை முதலில் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மாறும்போது வரும் 'டிக்' ஒலியே காட்டிக்கொடுக்கும். தட்டின் பொரிப்பொலியும் காட்டிக்கொடுக்கும் என்பதால் எல்.பி.க்கும் சி.டி.க்கும் இடையே இந்தச் சோதனைக்குப் பெரிய அர்த்தமில்லை. சி.டி.க்களுக்கு இடையே வையுங்கள்.

பதினாறு முறை கேளுங்கள். பன்னிரண்டு சரி என்றால், வெறும் ஊகத்தால் அது நடக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. பத்துக்குள் நின்றால் உங்கள் கருவியில், உங்கள் காதுக்கு, அந்த இரண்டு பதிப்பும் ஒன்றுதான். அப்போது மலிவானதை வாங்கலாம். எத்தனை முறை என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எண் நன்றாக வந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது ஏமாற்று. ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 வினாடிப் பகுதி போதும், டோன் பற்றிய நினைவு அதைவிட நீண்டு நிற்காது.

இந்தச் சோதனை வித்தியாசம் கேட்கிறதா என்று மட்டுமே சொல்லும். எது மேல் என்பதற்குக் குரல் லெவலில் சமப்படுத்திய முழுப் பாட்டையும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும்.

8. எதை வாங்குவது?

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 2001 டீலக்ஸ். அதன் மாஸ்டரிங் உச்சமானது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில் தயாரான இரண்டு மிக்ஸும் ஒரே பெட்டியில் கிடைப்பது அதில்தான். லண்டனில் என்ன சேர்ந்தது, என்ன மறைந்தது என்று காதால் கற்றுக்கொள்ள வேறு நல்ல வழியில்லை. உரத்த மாஸ்டர் பிடிக்காதவர்கள் 1990 சி.டி.யைப் பழைய சரக்கில் தேடலாம், வால்யூமைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். ஏற்கெனவே டீலக்ஸ் வைத்திருப்பவர்கள் 2023 பதிப்பை வாங்குவது நேரடி நிகழ்ச்சிக்காக இருக்கட்டும்.

ஸிப்போ அட்டைக்குக் கேட்கும் விலை பெரும்பாலும் அட்டைக்கானது. வாங்கும் முன் மூடி திறக்கும் மடிப்பில் கிழிசல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தட்டை எடுத்து 'மிட்நைட் ரேவர்ஸ்' கடைசி ஒரு நிமிடத்தை ஓடவிடச் சொல்லுங்கள். தேய்ந்த ஊசியில் பல வருடம் ஓடிய தட்டென்றால் குரல் அங்கே உடையும். கடைக்காரர் ஓடவிட மறுத்தால், அட்டைக்கான விலையை மட்டும் பேசுங்கள்.